மெட்டி அறுக்க ஒரு ரம்பம்

இரும்பு அறுக்கிற ரம்பம் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வருவார்கள். வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன், சைக்கிளும் தையல் மிஷினும் பிரித்துப் போட்டுக் கிடக்கும், அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். நானும் சொல்லுவேன். அறுக்கப் போகிற சாமான் மெலிசு என்றால் பல் நெருக்கமாக இருக்கிற பிளேடு வாங்கு. எந்த நேரமும் மூன்று பல்லாவது இரும்பின் மேல் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் மாட்டி இழுக்கும். பிளேடை மாட்டுகிற சட்டம் கையில் ஆடக்கூடாது. பிளேடை முறுக்காதே, ஒடியும். இவ்வளவுதான் வித்தை. இதைத் தெரிந்துகொள்ளக் கால் மணி நேரம் போதும். நான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இன்னும் எத்தனை நாளைக்கு இந்த எழவை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிவது? சொல்லிவிடுகிறேன்.

மலாயாவில் சிகாமட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். நான் அங்கே ரப்பர் ஸ்டோரில் பிட்டர், அதாவது இன்ஜினும் உருளை மிஷினும் நின்றுபோனால் ஓட வைக்கிறவன். என் பெண்டாட்டி பால்வெட்டுக்குப் போவாள். ரப்பர் விலை விழுந்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். எங்களை அனுப்பவில்லை. இன்ஜின் கிழடு, அதற்கு என் கை வேண்டியிருந்தது.

கல்யாணத்தில் அவள் காலில் போட்ட வெள்ளி மெட்டியில் ஒன்று சதுப்புக் காட்டில் பால் வெட்டும்போது சேற்றோடு போய்விட்டது. நாங்கள் குடியிருந்த லயத்துப் பொம்பளைகள் விடுவார்களா? புருசன் குத்துக்கல்லாக இருக்கும்போது வெறும் விரலோடு நடக்கிறாளே என்று ஆளுக்கொரு வாய். அவள் வீட்டுக்குள் வந்து அழுதாள். எனக்குக் கோபம் வந்தது. இன்ஜினிலிருந்து கழற்றிப்போட்ட எஃகுக் குழாய் ஒன்று ஸ்டோரில் கிடந்தது. அதை லேத்தில் மாட்டிக் கடைந்து, எமரித் தாள் போட்டுத் தேய்த்து, காலுக்கு ஒன்றாக இரண்டு மெட்டி செய்தேன். வெள்ளி தோற்றது போங்கள், அப்படி ஒரு பளபளப்பு. தட்டான் செய்கிற மெட்டிக்கு நடுவில் ஒரு வெட்டு இருக்கும், நெருக்கலாம், அகட்டலாம். நான் பிட்டர் இல்லையா, என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். வெட்டே இல்லாத முழு வளையம். சோப்பு தடவித்தான் விரலில் ஏற்ற முடிந்தது. ஏற்றிவிட்டு, "இது என் ஆயுசு மாதிரி, சாமானியத்துல கழலாது" என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

இரண்டு வருஷம் கழித்து, மழைக்காலத்தில், ஒரு விடியக்காலை மரத்தடியில் அவள் இடது காலைப் பூரான் கடித்தது. கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்கி, அதன்மேல் யாரோ சொன்னார்கள் என்று சுண்ணாம்பும் புகையிலையும் வைத்துக் கட்டி, அதோடு சேற்றில் நின்று பாலும் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் கால் வீங்கி மினுமினுவென்று நின்றது. விரல்கள் ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மெட்டி போட்ட விரலில் மட்டும் வளையத்துக்கு மேலேயும் கீழேயும் சதை பிதுங்கி, வளையம் உள்ளே போய்விட்டது. விரல் நுனி நாவல்பழ நிறம்.

தோட்டத்து டிரெசர் வந்து பார்த்தார். மருந்து போட்டுக் கட்டுகிற ஆள்தான், ஆனால் நல்ல கண்ணு. விரல் நுனியை அமுக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்பா, நீ பிட்டர்தானே? இந்த வளையத்த இன்னைக்கே அறுத்து எடுத்துடு. ரத்தம் போகல. வச்சுக்கிட்டு இருந்தா விரல் அழுகும். அப்புறம் விரலோட நிக்காது."

"இன்னைக்கே எடுத்துடறேங்க" என்றேன். என் குரல் எனக்கே எங்கேயோ கேட்டது.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். அதே லயத்தில், நாலு கதவு தள்ளி, காய்ச்சலில் போனான். மெட்டி கழற்றி நான் பார்த்தது அன்றைக்கு ஒரு தரம்தான். பொம்பளைகள் அண்ணியைச் சுற்றி உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் காலை உதறினாள். மெட்டி சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்ட சத்தம் இருக்கிறதே, அது வெளியே பாடை கட்டிக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. சேற்றில் தானாகத் தொலைந்தது சேர்த்தியில்லை, புருசன் செத்தால்தான் மெட்டியைக் கழற்றுவார்கள். எனக்குத் தெரிந்த கணக்கு அது. கழன்றால் புருசன் சாவான் என்று அதைத் திருப்பிப் போட எவ்வளவு நேரம் ஆகும்? அதிலும் அது என் ஆயுசு என்று நானே என் வாயால் சொல்லி மாட்டிய வளையம். நாக்கில் சனி!

இதைப் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது? அவள் பாயில் காலை நீட்டிப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் சொன்னது வேறு.

"ஸ்டோர்ல இருக்கிற ரம்பம் பல் பெருசு புள்ள. தண்டவாளம் அறுக்கிற ரம்பம். இந்த மெலிசு வளையத்துல மாட்டி இழுத்துச்சுன்னா கால் கிழிஞ்சிரும். டவுனுக்குப் போய் நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன். நம்ம பட்டறைக்கும் ஆச்சு."

இதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் கொடுமை. ஸ்டோர் ரம்பத்தின் பல் நிஜமாகவே பெரிசுதான். வீட்டில் பட்டறை போடவேண்டும் என்று அடுப்பங்கரைக்குப் பின்னால் பலகையடித்து, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற பழைய வைஸ் ஒன்றைக்கூட முடுக்கி வைத்திருந்தேன். ரம்பம்தான் இல்லை. உண்மையெல்லாம் எனக்கு ஒத்தாசையாக வந்து நின்றது. "சீக்கிரம் வந்துடுங்க" என்றாள் அவள்.

ஆறு மைல் நடந்து போனேன். சிகாமட் கடைத்தெருவில் சீனன் ஒருவனுடைய இரும்புக்கடை. ஆணி மூட்டையும் மண்ணெண்ணெய் வாசமுமாக உள்ளே இருட்டாக இருக்கும். கடை முதலாளி, தவுக்கே என்போம், எதை அறுக்கணும் என்று மலாயில் கேட்டான்.

"பைப்" என்றேன். "மெலிசு பைப்."

"எவ்வளவு பெருசு?"

விரலை வளைத்துக் காட்டினேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிளேடுக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, நகத்தால் அதன் பல்லை வருடிக் காட்டினான். மீன் முள் மாதிரிப் பொடிப் பல். "இதுக்குச் சட்டமே வேண்டாம் லா. பிளேடை மட்டும் வாங்கிக்கோ. ஒரு முனையில துணியச் சுத்திக் கையில பிடிச்சுத் தேய். அஞ்சு நிமிஷம்."

அலமாக்! அஞ்சு நிமிஷமாமே! பிளேடை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நடந்தால் சாயங்காலத்துக்குள் அந்த மெட்டி தரையில் விழும். அந்தச் சத்தம் என் காதில் வந்துவிட்டது.

"சட்டமும் வேணும்" என்றேன்.

அப்புறம் நான் பண்ணிய கூத்தைச் சொன்னால் காறித் துப்புவீர்கள். அந்தக் கடையில் இருந்த சட்டமெல்லாம் பார்த்தேன். நீளம் மாற்றமுடியாத சட்டம் ஒன்று, ஜெர்மன் சாமான், கனமாக இருந்தது. இது கை வலிக்கும் என்றேன். நீட்டிக் குறுக்குகிற சட்டம் ஒன்று. இது ஆடுகிறது என்றேன். கைப்பிடி மரம், அது பிளந்திருக்கிறது என்றேன். கைப்பிடி இரும்பு, அது வழுக்கும் என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கண்ணுக்குக் கிட்டே வைத்து, ஒரு கண்ணை மூடி, சட்டம் நேராக இருக்கிறதா என்று வேறு பார்த்தேன். பட்டறைக்காரன் மாதிரி! அங்கே அவள் விரல் கறுத்துக்கொண்டிருக்கிறது. கடைசியில் ஒன்றும் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தவுக்கே பின்னாலிருந்து ஏதோ திட்டினான். திட்டட்டும், தகும்.

வெறும் கையோடு வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் என் கையைத்தான் முதலில் பார்த்தாள்.

"நல்ல ரம்பமே இல்ல புள்ள. எல்லாம் ஓட்டை உடைசல். நாளைக்குப் புதுச் சரக்கு வருதாம்."

அவள் காலை வெந்நீரில் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா வெந்நீர் மாற்றிக்கொண்டிருந்தாள், "ஏன் தம்பி, அந்தப் பெரிய ரம்பத்தாலயாச்சும் மெதுவா அறுத்துப் பாக்கக் கூடாதா?" என்று கேட்டாள். நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன். உனக்கு என்ன தெரியும், இரும்பு வேலை உனக்குத் தெரியுமா என்று கத்தினேன். பயந்தவனுக்குக் குரல் மட்டும் எப்படித்தான் வருகிறதோ.

அன்று ராத்திரி அவளும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. நான் என் நாடியைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டேன். அவளுடையதைப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் டிரெசர் வந்தார். விரல் நுனி கறுத்திருந்தது, தொட்டால் தெரியவில்லை என்றாள் அவள். டிரெசருக்கு முகம் மாறிவிட்டது. "இன்னும் அறுக்கலையா? என்னப்பா மனுசன் நீ?" என்றார். நான் மழையில் ஓடினேன். நிஜமாகவே ஓடினேன், இன்றைக்கு வாங்கிவிடுவது என்றுதான் ஓடினேன். இதை யாராவது நம்பினால் சரி.

கடைக்குப் போய் முதலில் கைக்கு வந்த சட்டத்தையும் பொடிப்பல் பிளேடு ஒன்றையும் வாங்கினேன். நேற்று ஆடுகிறது என்று சொன்ன அதே சட்டம். தவுக்கே பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தான். திரும்பி வந்தால் வழியில் குறுக்கிடுகிற ஆறு ஏறிவிட்டது. காலையில் முழங்காலுக்குத் தண்ணீர் இருந்த பள்ளப் பாதையில் இப்போது மரக்கட்டையும் வாழைக்குலையும் மிதந்து போகிறது. பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர்கள் ஆட்டையும் கோழியையும் மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சம்பான் படகுக்காரன், தண்ணீர் இழுப்பு அடங்கட்டும், அதுவரை துடுப்புப் போடமாட்டேன் என்று குத்தவைத்துச் சுருட்டுப் பிடித்தான்.

அந்தக் கரையில் நின்றபோது என் மனசில் என்ன வந்தது என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அப்பாடா என்று வந்தது. ஆறு பெருகினால் நான் என்ன செய்வேன்? என் மேல் குற்றம் இல்லையே. ஒரு மூச்சு நேரம்தான் அப்படி இருந்தது. அதற்குள் எனக்கே என்னைப் பார்த்து ஈரக்குலை நடுங்கிவிட்டது. அவள் சாகட்டும் என்றா நினைக்கிறாய், படுபாவி? அண்ணன் செத்தபோதுகூட எனக்கு அப்படிப் பயம் வந்ததில்லை. இவ்வளவு நாள் நான் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் வேறு, உள்ளே இருக்கிறவன் வேறு. நான் சம்பான்காரன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். வீட்டில் பெண்சாதி கிடக்கிறாள் என்றேன். அவன் சுருட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்தான்.

வீட்டுக்கு வரும்போது மூன்று மணி இருக்கும். மழை வெளிச்சம். அவளை வாசப்படிக்கு இழுத்து உட்கார வைத்தேன். பால் டின்னை வெட்டி ஒரு மெல்லிய தகடு எடுத்து, எண்ணெய் தடவி, வளையத்துக்கும் சதைக்கும் நடுவே செருகினேன். அதற்கே அவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். சட்டத்தில் பிளேடை மாட்டி வளையத்தின்மேல் வைத்தேன். ஒரு இழுப்பு. சட்டத்தின் முனை போய் அவள் புறங்காலில் இடித்தது. "அம்மா!" என்று கத்தினாள். சாய்த்துப் பிடித்தேன், இடித்தது. காலைத் திருப்பினேன், அப்போதும் இடித்தது. வீங்கின காலில் விரல் இருக்கிற இடத்துக்கு எந்தச் சட்டமும் போகாது. ஜெர்மன் சட்டமும் போகாது, ஆடுகிற சட்டமும் போகாது. இரண்டு நாள் நான் தேர்ந்தெடுத்த சாமானின் லட்சணம் அது.

வளையத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது, இரும்புத் தூள் மினுங்கியது. இதோ வெட்டு விழுந்துவிட்டது, இதோ என் கதை முடிகிறது என்றே நினைத்தேன். கை முறுக்கிக்கொண்டது. பிளேடு டப்பென்று நடுவில் ஒடிந்தது.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. "இத அறுத்தா நான் செத்துருவேன் புள்ள" என்று என் வாயிலிருந்து வந்தே விட்டது. "எனக்குப் பயமா இருக்கு. அண்ணன் மாதிரி போயிருவேன்."

அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. இடது காலைத் தூக்கி வலது தொடையின் மேல் போட்டுக்கொண்டாள். ஒடிந்த பாதிப் பிளேடைத் தரையிலிருந்து எடுத்தாள். முந்தானையைக் கிழித்து அதன் ஒரு முனையில் சுற்றினாள்.

"தண்ணி ஊத்துங்க. சுடும்."

அவ்வளவுதான் சொன்னாள். நான் போட்ட கோட்டிலேயே பிளேடை வைத்து, தேங்காய் கீறுகிறவள் மாதிரிக் குட்டி குட்டியாக இழுத்தாள். நாலு இழுப்புக்கு ஒருதரம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். நான் செம்பிலிருந்து தண்ணீரைச் சொட்டு சொட்டாக விட்டேன். வேர்வை அவள் மூக்கு நுனியிலிருந்து காலில் சொட்டியது. தவுக்கே சொன்ன அஞ்சு நிமிஷம் இருக்காது, கொஞ்சம் கூட ஆகியிருக்கும். பிளேடு தகட்டைத் தொட்டுக் கிறீச்சென்றதும் அதைக் கீழே வைத்தாள்.

"இப்ப குறடு போட்டு அகட்டுங்க. அதுக்கு எனக்கு வலு பத்தாது."

இரண்டு குறடு போட்டு அகட்டினேன். வளையம் கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. சத்தமே இல்லை. நான் சாகவில்லை. அப்படியே உட்கார்ந்து, இப்போதா, இப்போதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வெட்கங்கெட்டவன். அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வளையம் இருந்த இடத்துக்கு இந்தப்பக்கம் மெல்லச் சிவந்தது. நுனிப்பக்கம் சிவக்கவே இல்லை.

தண்ணீர் வடிந்ததும் மறுநாள் தோட்டத்து லாரியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டிரெசரும் கூட வந்தார். டாக்டர் அந்த விரலை எடுத்தால்தான் மற்றது பிழைக்கும் என்றார், எடுத்தார். இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் இது தேவையில்லை, ஏன் தாமதம் என்று அவர் இங்கிலீஷில் கேட்டதை டிரெசர் தமிழில் கேட்டார். கேட்டது அவளை, பார்த்தது என்னை.

"நான்தாங்க" என்றாள் அவள். "நல்ல ரம்பமா பாத்து வாங்கிட்டு வந்தாத்தான் அறுக்க விடுவேன்னு நான்தான் அடம் புடிச்சேன்."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். இந்தப் பொம்பளைகளே இப்படித்தான் என்று டிரெசர் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம், இடம் இருந்தது, திறக்கவில்லை.

பத்து நாள் கழித்து அவளைக் கூட்டி வந்தேன். மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, கட்டுப் போட்ட காலை அதன்மேல் வைத்திருந்தாள். பாதி வழியில் நான் கேட்டேன்.

"எனக்காக ஏன் பொய் சொன்ன?"

"வேற என்னத்த சொல்றது?" என்றாள். வண்டி குலுங்கியதில் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ரம்பம் கெடைக்கலன்னு வந்து நின்னீங்களே, அன்னைக்கே ஒரு வார்த்த, பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல? நானே அறுத்திருப்பேன். வெரல் இருந்திருக்கும்."